சின்னத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: தற்காப்புக்காக உரிமம் வாங்கி, பாயிண்ட் 380 ரகத்தில் ஒரு சிறிய பிஸ்டல் வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு வாங்கும் உருண்டை முனைத் தோட்டா தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. தற்காப்புக்கு ஹாலோ பாயிண்ட்தான் (முனையில் குழியுள்ள, உடலுக்குள் போனதும் விரிகிற தோட்டா) சரி என்கிறார்கள். எந்த கம்பெனித் தோட்டா நல்லது?

பதில்: கம்பெனியை அப்புறம் பார்ப்போம். உங்கள் பிஸ்டலில், உங்கள் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி), ஒருமுறைகூட சிக்காமல் ஓடுகிற தோட்டாதான் உங்களுக்கு நல்ல தோட்டா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சின்ன பிஸ்டலில் ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல்பகுதி, நகரும் தூரம் குறைவு, ஸ்பிரிங்கோ விறைப்பு. ஸ்லைடு பின்னால் போய்த் திரும்புவதற்குள் அடுத்த தோட்டா மேகசினிலிருந்து மேலே வந்து நிற்க வேண்டும், அதற்குக் கிடைக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். உருண்டை முனை வழுக்கிக்கொண்டு சேம்பருக்குள் (சுடுவதற்குத் தோட்டா உட்காரும் அறை) போய்விடும். ஹாலோ பாயிண்டின் அகன்ற வாய் சில பிஸ்டல்களில் சேம்பருக்கு முன்னால் இருக்கும் சரிவில் முட்டி அப்படியே நின்றுவிடும். விலை அதிகம்தான், ஆனாலும் இரண்டு மூன்று பெட்டி வாங்கி, வைத்திருக்கும் எல்லா மேகசினிலும் போட்டு, இரண்டு கையாலும் ஒற்றைக் கையாலும் சுட்டுப் பாருங்கள். பிடி தளர்ந்தாலே சின்ன பிஸ்டல் சிக்கும் என்பதால் ஒற்றைக் கைச் சோதனையை விட்டுவிடாதீர்கள். துப்பாக்கியைச் சுத்தம் செய்து, மேகசினை மாற்றிய பிறகும் சிக்கினால் அந்தத் தோட்டா வேண்டாம், எவ்வளவு பேர்பெற்ற கம்பெனியாக இருந்தாலும் சரி.

சரி, அடுத்தது துளைக்கும் ஆழம். 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வகுத்த சோதனையில், தோட்டா, உடல் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும், கனமான துணியைத் துளைத்த பிறகும்கூட. பாயிண்ட் 380-க்கு இது கஷ்டமான பரீட்சை. குழல் குட்டை, வேகமும் குறைவு. முனை நன்றாக விரிந்தால் பல தோட்டாக்கள் 12 அங்குலத்தை எட்டுவதில்லை. துணி போய் வாயை அடைத்துக்கொண்டால் விரியாமலே ஆழமாகப் போய்விடும். ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸ் தோட்டாவில் அந்தக் குழியைச் சிவப்பு நிற மென்மையான பொருளால் அடைத்திருப்பது இதற்காகத்தான். ஃபெடரல், ஸ்பியர் கம்பெனிகளும் சின்ன பிஸ்டலுக்கென்றே தனி வகைகள் போடுகின்றன. நீளமான குழலில் செய்த சோதனையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் பிஸ்டல் அளவுக் குழலில் செய்ததைத் தேடுங்கள்.

உங்கள் பிஸ்டலில் எந்த ஹாலோ பாயிண்டும் ஒழுங்காக ஓடவில்லையா? உருண்டை முனையையே வையுங்கள். பாயிண்ட் 380 வைத்திருப்பவர்களில் தெரிந்தே அப்படிச் செய்பவர்கள் உண்டு, அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆளைத் துளைத்து வெளியே போக வாய்ப்பு அதிகம், பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது உங்கள் பொறுப்பு. பிளஸ் பி என்று அச்சிட்ட கூடுதல் அழுத்தத் தோட்டாவை, துப்பாக்கியோடு வந்த கையேடு அனுமதிக்காமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: இரவில் சேம்பரில் இருக்கும் தோட்டாவை எடுத்துவிட்டு, காலையில் அதையே திரும்ப ஏற்றுகிறேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஏற்றும்போதெல்லாம் முனை அந்தச் சரிவில் இடிபட்டு, முனையிலுள்ள குண்டு கொஞ்சம் கொஞ்சமாக, வெடிமருந்து இருக்கும் கூட்டுக்குள் இறங்கும். உள்ளே இடம் குறையக் குறைய, சுடும்போது அழுத்தம் எகிறும், துப்பாக்கியே உடையலாம். பெட்டியிலிருந்து ஒரு புதுத் தோட்டாவை எடுத்து, இதன் பக்கத்தில் மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டையாக இருந்தால் சுட வேண்டாம், தனியே வைத்துவிடுங்கள். தினமும் இறக்கி ஏற்றுவதைவிட, பிஸ்டலை உறையோடு பூட்டுப் பெட்டியில் வைப்பது மேல். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றாமல் மாற்றிக்கொண்டே இருங்கள்.