அடுத்தவர் எழுதிய நிரல் நம் மென்பொருளுக்குள்: கேள்வி பதில்

கல்லடியிலிருந்து: அண்ணா, நோட் ஜேஎஸ்ஸில் பில்லிங் மென்பொருள் செய்து மட்டக்களப்பு டவுனில் 6 கடைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். நாங்கள் சேர்த்தது 14 பக்கேஜ்தான் (அடுத்தவர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்பு). நோட் மொட்யூல்ஸ் போல்டரைத் திறந்தால் 600க்கு மேல் கிடக்கு. எதை எண்டு பார்க்கிறது?

நீங்கள் சேர்த்த ஒவ்வொரு பக்கேஜும் தனக்குத் தேவையான வேறு பக்கேஜ்களையும் இழுத்து வரும். 600ஐயும் வாசித்து முடியாது தம்பி. அவை உங்களுக்குத் தெரியாமல் மாறாதபடி பூட்டுங்கள். எந்தப் பக்கேஜின் எந்தப் பதிப்பு என்று எழுதி வைக்கும் பக்கேஜ் லொக் பைலைக் கட்டாயம் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேருங்கள். நிரலை மென்பொருளாக்கும், அதாவது பில்ட் செய்யும் கணினியில், பக்கேஜ் இறக்கும் கருவியான என்பிஎம்முக்கு ‘என்பிஎம் இன்ஸ்டோல்’ வேண்டாம், ‘என்பிஎம் சிஐ’ கொடுங்கள். லொக்கில் எழுதிய பதிப்பை மட்டுமே அது எடுக்கும். பைலின் கைரேகை போன்ற ஹாஷ் பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கூடவே ‘இக்னோர் ஸ்கிரிப்ட்ஸ்’ போடுங்கள். பக்கேஜ் இறங்கும்போதே ஓடும் ஸ்கிரிப்டுக்கு உங்கள் கணக்கின் முழு அதிகாரமும் இருக்கிறது. டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான நுழைவுச் சாவி) திருடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியால்தான் வருகிறார்கள். இதைப் போட்டதும் எஸ்கியூலைட் தரவுத்தளப் பக்கேஜ் போன்ற ஒன்றிரண்டு வேலை செய்யாமல் போகலாம். அவற்றுக்கு மட்டும் பெயர் சொல்லி ‘என்பிஎம் ரீபில்ட்’ கொடுத்தால் சரி.

கல்முனையிலிருந்து: புதுப் பதிப்பு வந்த உடனே போடச் சொல்கிறார்களே?

பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பதிப்பு என்றால் அன்றைக்கே போடுங்கள். மற்றவற்றுக்கு 7 நாள் பொறுங்கள். 2025 செப்டம்பரில் சோக், டீபக் ஆகிய பக்கேஜ்களில் நச்சு நிரல் ஏறியது. பராமரிப்பவர் போலி மின்னஞ்சல் ஒன்றை நம்பிக் கணக்கைப் பறிகொடுத்ததுதான் காரணம். சில மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள்; அந்த இடைவெளியில் அப்டேட் செய்தவர்களே மாட்டினார்கள்.

ஒலுவிலிருந்து ஒரு மாணவி: நிரலைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் வாசித்துப் பார்த்தால் போதாதா சேர்?

போதாது தங்கச்சி. லினக்ஸில் பைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூட்டில்ஸைப் பாருங்கள். ஜியா டான் என்ற பெயரில் வந்தவர் 2 வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (களவாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். தீங்கு நிரல் சோதனைப் பைல்களுக்குள் சுருட்டிக் கிடந்தது. அதை எழுப்பும், பில்ட் நேரத்தில் ஓடும் எம்4 வரிகள் கிட்டில் இல்லை, வெளியிட்ட டார் பைலில் (நிரலைக் கட்டி வெளியிடும் பொதி) மட்டும் இருந்தன. கிட்டை எத்தனை தரம் வாசித்தாலும் அது கண்ணில் படாது. 2024 மார்ச்சில் அன்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியியலாளர், தூரத்துக் கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறக்குறைய அரை வினாடி பிந்துவதைக் கவனித்துத் தோண்டியதால்தான் பிடிபட்டது. ஆகவே டார் பைலை விரித்து, அதே டேக்கின் (பதிப்பு அடையாளம்) கிட் நிரலோடு ‘டிஃப்’ போட்டு வேறுபாட்டைப் பாருங்கள். கொன்பிகர் பைல் போல பில்ட் கருவிகள் உண்டாக்கும் பைல்கள் எப்படியும் வேறுபடும். அவற்றை நீங்களே மறுபடி உண்டாக்கி ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் விடாதீர்கள்.

காத்தான்குடியிலிருந்து: கடைகளுக்கு இன்ஸ்டோலரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். பிழையா?

அனுப்பும் வழியை விட, வந்த பைல் உங்களுடையதுதானா என்று கடைக்காரர் அறிய வழியில்லாததே ஆபத்து. இன்ஸ்டோலருக்கு டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள். அதுவரைக்கும் விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’ கொண்டு எஸ்எச்ஏ-256 ஹாஷ் எடுத்து, 64 எழுத்தையும் போனில் வாசித்துச் சரிபாருங்கள். அதே வாட்ஸ்அப்பில் ஹாஷையும் அனுப்பினால் பயனில்லை. பைலை மாற்றுகிறவர் அதையும் மாற்றிவிடுவார்.

அக்கரைப்பற்றிலிருந்து: நச்சுப் பக்கேஜ் ஏற்கெனவே இறங்கிவிட்டால்?

முதலில் நெட்டைக் கழற்றுங்கள். பிறகு வேறொரு கணினியிலிருந்து என்பிஎம், கிட்ஹப், சேர்வர் டோக்கன்கள் எல்லாவற்றையும் ரத்துச் செய்யுங்கள். அந்தக் கணினியிலேயே இருந்து கடவுச்சொல் மாற்றினால் புதியதும் களவு போகும். போல்டரை அழிப்பது மட்டும் போதாது, விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அந்த நாட்களில் பில்ட் செய்து கடைகளுக்குக் கொடுத்த பதிப்பையும் திரும்ப எடுத்து, சுத்தமான கணினியில் செய்ததைக் கொடுங்கள்.