கடலே இல்லாத ஊரில் கடல் வேலை

பள்ளி முடித்த உங்கள் மகளைப் பற்றி நாகப்பட்டினத்திலிருந்து நீங்கள் அனுப்பிய குரல்பதிவை இரண்டு முறை கேட்டேன் அம்மா. "கடலை விட்டு வெளிய வரட்டும்னுதான் அவ அப்பா படிக்க வைக்கிறாரு. இவ திரும்பக் கடல் படிப்புதான் படிப்பேங்கிறா" என்று அலுத்துக்கொண்டீர்கள். நர்சிங் சீட்டுக்கு முன்பணம் கட்டுவதா, வெளிநாட்டில் கடல் அறிவியல் இடம் வாங்கித் தருவதாகப் 15 லட்சம் கேட்கும் ஏஜென்டை நம்புவதா என்பது உங்கள் குழப்பம். ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தத் துறையில் வெளிநாடு என்பது எம்.எஸ்சி.க்குப் பிறகு உதவித்தொகையோடு போக வேண்டிய இடம்.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். சுமத்ரா பக்கம் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. நாகைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் கரையில் இருந்தவர்களுக்குச் சேதி வரவில்லை. பசிபிக்கில் 1960களிலிருந்தே இருந்த எச்சரிக்கை ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அப்போது இல்லை. இன்று இருக்கிறது. ஹைதராபாத்தில் 2007இல் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை தருகின்றன. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் ஒருங்கிணைக்கிறது. நிலநடுக்கப் பதிவு ஒரு நாட்டிடம், அலையை அளக்கும் கருவி இன்னொரு நாட்டுத் துறைமுகத்தில். ஒருவருக்கொருவர் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் யாருக்கும் பயனில்லை. உங்கள் மகள் கேட்பது இந்த மாதிரி வேலையைத்தான்.

கவனித்தீர்களா, அந்த மையம் இருப்பது ஹைதராபாத்தில். கடலே இல்லாத ஊர்! மீனவர்களுக்கு 'இந்த இடத்தில் மீன் இருக்கலாம்' என்று வரும் தகவலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அங்கே பெரும்பாலான நாள் வேலை கம்ப்யூட்டர் முன்னால்தான்.

ஆர்கோ மிதவை என்று ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்கு ஓர் உருளை. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நீவாட்டோடு, அதாவது நீரோட்டத்தோடு, சும்மா போய்க்கொண்டிருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர் வரை இறங்கி, மேலே வரும் வழியெல்லாம் தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி முங்கிவிடும். உலகக் கடல்களில் இப்படிச் சுமார் 4,000 மிதவைகள், பல நாடுகள் போட்டவை. அளவுகள் எல்லாருக்கும் இலவசம். உங்கள் மகள் போனிலேயே வங்காள விரிகுடாவில் கிடக்கும் ஒரு மிதவையின் அளவைப் பார்க்கலாம். இந்த வாரம் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளைப் பார்த்துக் கொட்டாவி வந்தால், நர்சிங்கே நல்லது.

ஆர்வம் குறையவில்லை என்றால் பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் அல்லது கணிதம் சேருங்கள். முதல் குரூப் படித்தவள், தடையில்லை. 'மரைன்' என்று பெயர் வைத்த பட்டத்தை இப்போதே தேட வேண்டாம் என்பது என் கட்சி. சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீரோட்டமும் புயலும் படிக்கக் கணக்கு வேண்டும், கணக்கைப் பின்னால் சேர்த்துக்கொள்வது கஷ்டம். கூடவே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல்மொழியும் பழகட்டும். பிறகு எம்.எஸ்சி.க்குக் கொச்சியில் குசாட் பல்கலைக்கழகம், விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகம், அல்லது ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. கடல் உயிரினம்தான் பிடிக்கும் என்றால் மட்டும் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல், அல்லது மீன்வளப் பட்டம்.

சம்பளம் கேட்டீர்கள். எம்.எஸ்சி.க்குப் பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில்கூட முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. நிரந்தரத்துக்கு முப்பது வயதுகூட ஆகலாம். நர்சிங்கில் சீக்கிரம் சம்பளம் வரும். இதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு மனமில்லை.

ஐ.நா.வின் கடல் அறிவியல் பத்தாண்டு என்று மகள் காட்டினாளாம். அது 2021 முதல் 2030 வரை. இவள் எம்.எஸ்சி. முடிப்பதற்குள் அதுவே முடிந்துவிடும், ஆகவே அதை நம்பிச் சேர வேண்டாம். 1960களில் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை அளந்தன; அதன் தொடர்ச்சியாகத்தான் 1966இல் கோவா கடலியல் நிறுவனமே வந்தது. பெயர்கள் மாறும், கூட்டு வேலை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பெண்பிள்ளை கப்பலில் எப்படி என்றீர்கள். அதே கோவா நிறுவனத்தின் அதிதி பந்த் 1983இல் அண்டார்டிகாவுக்கே கப்பலேறினார். ஆராய்ச்சிக் கப்பலில் போனாலும் சில வாரங்கள்தான், அவள் அப்பா போல வாரா வாரம் அல்ல.

அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் ஆன்லைனில். எம்.பி.சி. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகம் எடுத்து வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் கல்லூரியிலேயே மனுக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடுங்கள், அவள் அப்பா கரையில் இருக்கும் நேரமாகப் பார்த்து.