புரொலக்ரின் கூடினால் மூளையில் கட்டியா?

கேள்வி: எனக்கு 29 வயது. கலியாணமாகி இரண்டு வருடம். சில மாதங்களாக மாதவிடாய் தள்ளித் தள்ளித்தான் வருகிறது. ஓமோன் பரிசோதனையில் புரொலக்ரின் 46 என்று வந்திருக்கிறது, 25க்குள் இருக்க வேண்டுமாம். இணையத்தில் பார்த்தால் மூளையில் கட்டி என்கிறார்கள், நித்திரையே வருவதில்லை. உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கட்டுமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அந்த ஒரு 46ஐ வைத்துக் கட்டி என்று எந்த வைத்தியரும் சொல்ல மாட்டார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் கபச்சுரப்பிதான் தாய்ப்பால் சுரக்க உதவும் ஓமோனான புரொலக்ரினைச் சுரக்கிறது, அது நித்திரையில் கூடும், பதற்றத்தில் கூடும், சிலருக்கு ஊசியைக் கண்டாலே கூடும். காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க வாங்கக் கையை நீட்டினீர்களா? அப்படியென்றால் இன்னொரு முறை இரத்தம் கொடுங்கள். காலையில் எழும்பி இரண்டு மூன்று மணித்தியாலம் போகட்டும், லாப்பில் அரை மணி நேரம் ஆறுதலாக இருந்துவிட்டுக் கொடுங்கள். அதே லாப்பில் செய்வது நல்லது, ஏனென்றால் சில இடங்களில் வேறு அலகில் போடுவார்கள், உங்கள் 46 அங்கே ஆயிரத்துக்குக் கிட்டப் போய் நிற்கும், பார்த்துப் பயந்துவிடுவீர்கள்.

அதைவிட முக்கியம் குளிசைகள். வயிற்றுப் பிரட்டலுக்கு என்று பாமசியில் வாங்கிப் போடுகிறோமே டொம்பெரிடோன், அது புரொலக்ரினை நன்றாகவே ஏற்றும். மனநல மருந்துகள் சிலவும் அப்படித்தான், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. முடி வளர பயோட்டின் என்ற விற்றமின் எடுத்தால் அதையும் சொல்லுங்கள், அது பரிசோதனை முடிவையே குழப்பும்.

கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்தார்களா? தைரொயிட் சுரப்பியின் நிலையைக் காட்டும் ரி.எஸ்.எச். பரிசோதனை பார்த்தார்களா? தைரொயிட் குறைந்தாலும் புரொலக்ரின் ஏறும், தைரொயிட்டைச் சரிசெய்தால் தானாக இறங்கிவிடும். சூலகத்தைத் தூண்டும் ஓமோன்களான எப்.எஸ்.எச்., எல்.எச். பரிசோதனைகளை எழுதித் தந்தால் மாதவிடாய் தொடங்கி 2 முதல் 5ஆம் நாளுக்குள் கொடுங்கள், கண்ட நாளில் கொடுத்தால் காசுதான் வீண்.

இவ்வளவும் பார்த்த பிறகும் புரொலக்ரின் கூடியே இருந்தால் எம்.ஆர்.ஐ. சரி. பொதுவாக 100ஐத் தாண்டினால் கபச்சுரப்பியில் கட்டி என்ற சந்தேகம் வலுக்கும், சிறிய கட்டி என்றால் அதற்குக் கீழும் இருக்கலாம். அதுவும் புற்றுநோய் அல்ல, பெரும்பாலானோருக்குப் புரொலக்ரினைக் குறைக்கும் கபேர்கோலின் குளிசையிலேயே சுருங்கிவிடும், மாதவிடாயும் திரும்பும், பிள்ளையும் உண்டாகும். ஆனால் விடாத தலையிடியோ, பக்கப் பார்வை மங்கலோ இருந்தால் இரண்டாவது இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியரிடம் போங்கள்.