7, 11, 13: மூன்றுக்கும் சேர்த்து ஒரே எண், 1001

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஐந்தாறு இலக்க எண்ணைக் கொடுத்து 7ஆல் வகுபடுமா, 13ஆல் வகுபடுமா என்று கேட்டால் நேரம் போய்விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி மனப்பாடம் செய்தேன், குழம்புகிறது. எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. மொய்க் கவரில் வைத்துப் பழகிய 1001தான் அது. பார்த்தால் பகா எண் போலத் தெரியும். உண்மையில் 7 × 11 × 13. அடுத்தடுத்து வரும் மூன்று பகா எண்களின் பெருக்கல்.

ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம்: 3,57,084. நாம் லட்சக் கணக்கில் போடும் காற்புள்ளியை மறந்துவிடுங்கள்; பலர் சறுக்குவது இங்கேதான். வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்தால் 357, 084. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 273. இது 7ஆல் வகுபடும், 13ஆலும் வகுபடும், 11ஆல் வகுபடாது. முழு எண்ணுக்கும் அதே பதில்தான்.

ஏன் இப்படி? 1000 என்பது 1001க்கு ஒன்று குறைவு. ஆகவே 357 ஆயிரம் என்பது 357 முறை 1001, அதில் 357 குறைவு. 1001இன் மடங்கு எப்படியும் மீதியின்றி வகுபடும். அதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது 84இலிருந்து 357ஐக் கழித்தது மட்டுமே. குறி எதுவானாலும் வகுபடுமா என்ற கேள்விக்கு வேறுபாடில்லை.

எட்டு இலக்கம் வந்தால்? 2,47,35,912 என்றால் 912 − 735 + 24 = 201. கடைசித் தொகுதியில் தொடங்கி, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்ட வேண்டும். 201ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5. முழு எண்ணுக்கும் மீதி 5. மீதி கேட்கும் கேள்விகளில் மட்டும் குறியைக் கவனியுங்கள்: 5,12,509க்கு 509 − 512 = −3 வரும், அதோடு 7ஐக் கூட்டினால் மீதி 4.

கடைசியில் கையில் நிற்கும் மூன்றிலக்க எண்ணையும் வகுக்கத்தானே வேண்டும்? அதற்கு 91இன் வாய்ப்பாடு உதவும்: 91, 182, 273, 364, 455, 546, 637, 728, 819. நூறும் ஒன்றும் ஏறுகின்றன, பத்து இறங்குகிறது. ஒருமுறை பார்த்தாலே மனதில் நின்றுவிடும். இவை எல்லாமே 7, 13 இரண்டாலும் வகுபடுபவை. ராமானுஜன் எண் 1729ஐச் சோதித்துப் பாருங்கள்: 729 − 1 = 728. பட்டியலிலேயே இருக்கிறது.

தேர்வில் அடிக்கடி வரும் இன்னொன்று: மூன்றிலக்க எண்ணை இருமுறை அடுத்தடுத்து எழுதினால், உதாரணமாக 486486, எந்தெந்த எண்களால் கட்டாயம் வகுபடும்? 486 × 1001தான் அது. ஆகவே 7, 11, 13. இதற்குக் கணக்கே போட வேண்டாம்.

11 மட்டும் கேட்டால் இந்தச் சுற்று வேண்டாம். இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்கும் பழைய விதியே வேகமானது. 17, 19க்கு 1001 உதவாது. 27, 37 கேட்டால் மும்மூன்றாகப் பிரித்த தொகுதிகளைக் கழிக்காமல் கூட்டுங்கள். அங்கே வேலை செய்வது 999, அதாவது 27 × 37.