லிவ்-இன் பார்ட்னரை கம்பெனி இன்சூரன்ஸ்ல "மனைவி"ன்னு போட்டுடலாமா?

ஒரு தம்பி எழுதியிருக்கார். சென்னையில ஐடி வேலை, சோழிங்கநல்லூர்ல வாடகை வீடு, மூணு வருஷமா ஒரு பொண்ணோட சேர்ந்து இருக்கார், கல்யாணம் ஆகல. அந்தப் பொண்ணு ஃப்ரீலான்ஸ் டிசைனர், இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. இப்ப ஸ்கேன்ல பித்தப்பை கல்லுன்னு வந்திருக்கு, டாக்டர் அவசரம் இல்ல ஆனா ஆபரேஷன் பண்ணிக்கறது நல்லதுன்னு சொல்லிட்டார். ஹெச்ஆர்ல கேட்டா ஸ்பௌஸ் மட்டும்தான்னு பதில். கூட வேலை பாக்குற ஒருத்தர், "போர்ட்டல்ல ஸ்பௌஸ்னு போட்டு பேர ஏத்திடு மச்சி, யாரு சர்டிஃபிகேட் கேக்குறா"ன்னு வழி சொல்லியிருக்கார். செய்யலாமான்னு கேக்கறார்.

செய்யாதீங்க தம்பி. உங்க ஃப்ரெண்டு சொல்றது பாதி உண்மை, பேர ஏத்தும்போது யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா ஆஸ்பத்திரியில படுத்து பில்லு லட்சத்தத் தாண்டும்போது டிபிஏகாரங்க, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம் பாக்கறவங்க, கண்டிப்பா கேப்பாங்க, அப்ப ஆதார்ல அப்பா பேரும் வேற அட்ரஸும் இருக்கும், நீங்க முழிப்பீங்க. க்ளெய்ம் போறதோட நிக்காது, கம்பெனிக்கு பொய் டிக்ளரேஷன் குடுத்தீங்கன்னு வேலைக்கே ஆபத்து. அஞ்சு வருஷம் ஓட்டிட்டா கேள்வி கேக்க முடியாதுன்னு சில பேர் சொல்லுவாங்க. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024ல மாரடோரியத்த, அதாவது அதுக்கப்புறம் க்ளெய்ம்ல கேள்வி கேக்க முடியாதுங்கற காலத்த, 60 மாசமா குறைச்சது நிஜம்தான், ஆனா மோசடின்னு நிரூபிச்சா அந்த 60 மாசமும் காப்பாத்தாது. கல்யாணமே ஆகாம மனைவின்னு எழுதறதுக்கு வேற என்ன பேரு?

"சுப்ரீம் கோர்ட்டே லிவ்-இன்ன ஒத்துக்கிச்சே சார்"னு அடுத்த கேள்வி வரும், தெரியும். 2010ல வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கு, நம்ம கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்துல ஆரம்பிச்சு டெல்லி வரைக்கும் போனது. அதுல பேசினது ஜீவனாம்சத்தப் பத்தியும், 2005 குடும்ப வன்முறை சட்டத்துல வர்ற "திருமணத்தைப் போன்ற உறவு"ன்னா என்னங்கறதப் பத்தியும்தான். இன்சூரன்ஸ்ங்கறது ஒப்பந்தம். கம்பெனிக்கும் இன்சூரன்ஸ்காரனுக்கும் நடுவுல போட்ட அந்த பேப்பர்ல "டிபெண்டன்ட்"னா யாருன்னு என்ன எழுதியிருக்கோ அதான் கணக்கு.

அதனால முதல் வேலை, ஹெச்ஆர் வாயால சொன்னத நம்பாம பாலிசி வேர்டிங்க மெயில்ல கேட்டு வாங்குங்க. சில கம்பெனிங்க லிவ்-இன் பார்ட்னரையும் ஒரே பால் பார்ட்னரையும் சேர்த்தே பாலிசி எடுக்கறாங்க, முன்னாடி உக்காந்திருக்கற ஹெச்ஆர் பொண்ணுக்கே அது தெரியாம இருக்கலாம். உங்க பாலிசில இல்லேன்னா அடுத்த ரின்யூவல்ல சேர்க்கச் சொல்லி எழுதிக் குடுங்க. (2024 ஆகஸ்ட்ல மத்திய நிதி அமைச்சகம் குடுத்த விளக்கத்த வெச்சு ஒரே பால் ஜோடிங்க நிறைய பேர் இதையே கேக்கறாங்க. அது பேங்க்ல ஜாயின்ட் அக்கவுண்ட், நாமினி பத்தினது, ஹெல்த் இன்சூரன்ஸ் அதுல வரல.)

ரெண்டாவது, அந்தப் பொண்ணு பேர்லயே தனியா ஒரு பாலிசி. பாலிசிக்கு விண்ணப்பிக்கற புரொபோசரும் அவங்க, கவர் வாங்கற இன்ஷ்யூர்டும் அவங்க, அப்ப நீங்க யாருங்கற கேள்வியே எழாது. நாமினியா உங்க பேரப் போடலாமான்னு எழுத்துல கேட்டுக்கோங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல. பிரீமியம் நீங்க கட்டினா வருமான வரியில 80டி கழிவு உங்களுக்குக் கிடைக்காது, அது கணவன் மனைவி, பிள்ளைங்க, பெத்தவங்களுக்குத்தான். ஆனா பித்தப்பை கல்லுக்கு உடனே கவர் வராது, வெயிட்டிங் பீரியட் 36 மாசம் வரைக்கும் வெக்கலாம். அதுக்காக ஃபாரத்துல கல்ல மறைக்காதீங்க, ஸ்கேன் ரிப்போர்ட்ல தேதி இருக்கு.

அப்ப இந்த ஆபரேஷனுக்கு? கம்பெனி எடுக்கற குரூப் பாலிசில பொதுவா ஏற்கனவே இருக்கற நோய்க்கும் முதல் நாள்லேருந்தே கவர் இருக்கும், நீங்க அதுக்காகத்தான் அலையறீங்கன்னு புரியுது. நேரடியா சொல்றேன், எப்படியும் கல்யாணம் பண்ற எண்ணம் இருந்து மண்டபம், பத்திரிகை, பெத்தவங்க சம்மதம்னு தள்ளிப்போடறீங்கன்னா, சட்டத்துக்கு இதெல்லாம் தேவையே இல்ல. ரெண்டு பேரும் இந்துவா இருந்தா, இந்து திருமணச் சட்டம் 7ஏ பிரிவு, 1967ல அண்ணா ஆட்சியில வந்த சுயமரியாதைத் திருமணம், ஐயர் வேணாம், நாலு தெரிஞ்சவங்க முன்னாடி மாலையோ மோதிரமோ மாத்திக்கிட்டா போதும். 2023 ஆகஸ்ட்ல இளவரசன் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதுக்கு ஊரக் கூட்டி அறிவிக்கணும்னு அவசியமில்லன்னும் சொல்லிடுச்சு. அப்புறம் 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். வேற வேற மதம்னா சிறப்புத் திருமணச் சட்டம், அங்க 30 நாள் நோட்டீஸ் உண்டு, போர்டுல ஒட்டுவாங்க, வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னா அதையும் யோசிச்சுக்கோங்க.

கல்யாணம் ஆனதும் பாலிசி வருஷத்துக்கு நடுவுலயே மனைவியச் சேர்க்கலாம், ஆனா பல கம்பெனில 30 நாள்தான் டைம், விட்டா அடுத்த ரின்யூவல்தான். அந்த கெடு எத்தனை நாள்னு வேர்டிங் கேக்கற அதே மெயில்ல கேட்டு வெச்சுக்கோங்க, தேதி குறிக்கறது அப்புறம்.