கோர் கோப்பிலிருந்து தவறான வரியை டீபக்கர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மதுரை கீழமாசி வீதியில் உள்ள உங்கள் பலசரக்குக் கடையின் பில்லிங் புரோகிராம் பாதியில் விழுந்து, லினக்ஸில் ஒரு கோர் கோப்பை விட்டுவிட்டது என்கிறீர்கள்.

அந்தக் கோப்பில் மூல நிரல் துளியும் கிடையாது. விழுந்த நொடியின் ரெஜிஸ்டர் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) மதிப்புகள், சிக்னல் எண் (புரோகிராம் ஏன் நிறுத்தப்பட்டது என்பதற்கான குறியீடு), நினைவகப் பக்கங்களின் நகல் போன்றவைதான். எந்தக் கட்டளையில் நின்றது என்பதை, ஜிடிபி (GDB) என்ற டீபக்கர், அதாவது பிழை தேடும் கருவி, முதலில் ரெஜிஸ்டரில் பார்க்கும். பிறகு ஸ்டேக்கில் (அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதி) கிடக்கும் திரும்பு முகவரிகளைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சார்பு (ஃபங்ஷன்) எதை அழைத்தது என்று பின்னோக்கிப் போகும். முகவரியை வரி எண்ணாக மாற்ற, டீபக் தகவலோடு (எந்த முகவரி எந்த வரி என்ற குறிப்பு) தொகுத்த, அதாவது கம்பைல் செய்த, அதே புரோகிராம் கோப்பு வேண்டும். திருத்தி மறுபடி தொகுத்ததைக் கொடுத்தால், சம்பந்தமே இல்லாத வரியைக் கூச்சமின்றிக் காட்டக்கூடும்! சிக்னல் 11 (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது), சுட்டியின் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) மதிப்பு 0 என்றிருந்தால், எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

கோப்பை யாருக்கும் அனுப்புமுன் யோசியுங்கள்: கடன் வைத்தவர்களின் பெயரும் அந்த நினைவக நகலில் இருக்கலாம்.