போகிறவருக்கு இலவசம், பூட்டுகிறவருக்கு?

கேள்வி: ரோமப் பேரரசில் அரசு அலுவலர்களுக்கு வழிநெடுக வண்டி, கழுதை, தங்க இடம் எல்லாம் இலவசமாகக் கிடைத்ததாமே! அப்படியொரு நிர்வாகம் இன்று ஏன் இல்லை? (வாசகர், கரூர்)

பதில்: நீங்கள் நிர்வாகத்தைக் கேட்கிறீர்கள். என் கண் 'இலவசமாக' என்ற சொல்லைத் தாண்டிப் போகவில்லை. இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லோடு நான் மல்லுக்கு நிற்பது முதல் தடவை அல்ல. சந்தாவை நிறுத்துவேன் என்று எழுதியவர்களும் உண்டு. எழுதட்டும். ஒருவர் காசு கொடுக்காமல் போனால் அந்தக் காசு இன்னொருவர் மடியிலிருந்து போயிருக்கிறது. ரோமில் அது சாலையோர ஊர்க்காரரின் மடி.

சாட்சி கல்லில் இருக்கிறது. இன்றைய துருக்கியின் தென்மேற்கே சகலாசோஸ் என்று ஒரு மலையூர். ரோமப் பேரரசர் திபேரியஸ் ஆட்சியின் தொடக்கத்தில் அங்கே ஆளுநரின் ஆணையொன்றை லத்தீனிலும் கிரேக்கத்திலும் பொறித்தார்கள். அரசு வேலையாக வருகிறவர்களுக்கு ஊர் 10 வண்டியும் 10 கோவேறு கழுதையும் கொடுத்தாக வேண்டும். செனட்டர் என்றால் 10 வண்டி வரை. படையின் நூற்றுவர் தலைவனுக்கு ஒரு வண்டி, இல்லையென்றால் 3 கோவேறு கழுதை, அதுவும் இல்லையென்றால் 6 கழுதை. சொந்த லாபத்துக்குத் தானியம் ஏற்றிப் போகிறவனுக்கு ஒன்றும் கிடையாது. வாடகையும் எழுதியிருக்கிறது: குறிப்பிட்ட தூரத்துக்கு வண்டிக்கு 10 செப்புக்காசு, கோவேறு கழுதைக்கு 4, கழுதைக்கு 2. தங்குமிடத்துக்கு மட்டுமே காசில்லை.

ஆக, சட்டப்படி வண்டி இலவசமே இல்லை. 'காசு கொடுக்காமல் யாரும் வண்டி பிடிக்கக் கூடாது என்று இரண்டு பேரரசர்கள் தடுத்துவைத்ததை நான் மறுபடி இறுக்க வேண்டியிருக்கிறதே' என்ற ஆதங்கத்தோடுதான் ஆளுநர் ஆணையைத் தொடங்குகிறார். ஊர்க்காரர்கள் வயிறெரிந்து முறையிடாமலா அதைக் கல்லில் வெட்டியிருப்பார்கள்? சோழர் காலக் கல்வெட்டுகளில் கூலியில்லாத கட்டாய வேலைக்கு 'வெட்டி' என்று பெயர். சட்டம் எதுவானாலும் நடந்தது இதுதான்: போகிறவருக்கு இலவசம், வண்டி பூட்டுகிறவருக்கு வெட்டி.

அந்த நிர்வாகத்தில் நான் மெச்சுவது வேறு. அரசு வண்டி ஏற அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் வண்டி பிடித்த பெர்டினாக்ஸ் என்ற படை அதிகாரியை, சிரியாவின் ஆளுநர் அந்தியோகியாவிலிருந்து பணியிடம் வரை நடக்கவைத்தார் என்று பழைய வரலாறு சொல்கிறது. பிற்பாடு, கி.பி. 193-இல், பேரரசர் ஆனவர் இந்தப் பெர்டினாக்ஸ்தான்! இன்றைய துருக்கியின் வடக்கே இருந்த பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி, தாத்தா இறந்த செய்தி கேட்டுத் துடித்த மனைவிக்கு ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டார். அரசு வேலைக்கன்றி வேறெதற்கும் அதுவரை கொடுத்ததில்லை என்று பேரரசர் டிராஜனுக்கே எழுதித் தெரிவித்தார். செய்தது சரிதான் என்று டிராஜன் பதில் போட்டார். துக்க வீட்டுக்குப் போன மனைவியின் பயணத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்த அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

டிராஜனுக்கு முன்னால் ஆண்ட நெர்வா, ஊர்கள் வண்டி கொடுக்கும் இந்தச் சுமையை இறக்கிவைத்து, கி.பி. 97-இல் அதற்கென்றே ஒரு நாணயம் வெளியிட்டார். பூட்டு அவிழ்த்த இரண்டு கோவேறு கழுதைகள் அதில் நிம்மதியாக மேய்கின்றன. ஆனால் விலக்கு இத்தாலிக்கு மட்டும். சகலாசோஸ் போன்ற மாகாணத்து ஊர்களில் பூட்டு அவிழவில்லை.